காணாமல் போன இடையர்

“இடையரைக் காணோம்!” என்று அலறினார் செலுவநாராயணன்.

1934-இல் மைசூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் எட்டு வருஷமாகத் தற்காலிக நூலகர் அவர். காணாமல் போனது ஆளல்ல. நாட்டின் சாதிகளையும் மதங்களையும் பற்றி ஒரு துரை எழுதிய தடித்த புத்தகத்திலிருந்து ஒரு போட்டோ. வெள்ளிக்கிழமை சர்வகலாசாலைக்காரர்கள் சோதனைக்கு வருகிறார்கள். புத்தகத்தில் ஒரு படம் குறைந்திருந்தாலும் வேலை போச்சு.

கடைசியாக அதைப் படித்தவன் மாணவன் பசவராஜ். அவன் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். இரண்டு போளி விழுந்தன.

“நான் என்ன திருடனா சார்?” என்று அவன் கத்த, மாணவர் கூட்டமே திரண்டுவிட்டது.

செலுவநாராயணன் மசியவில்லை. தன் சாதிப் படத்தைத்தானே ஒருவன் கிழிப்பான்? வாசலில் ஒரு நோட்டை வைத்து, வருகிறவர்கள் பெயரோடு சாதியையும் எழுதச் சொன்னார். இரண்டே நாளில் மீனவரும் குயவரும் போனார்கள். நோட்டில் மீனவரும் இல்லை, குயவரும் இல்லை. எழுத மறுத்தவர்கள் பதினேழு பேர். பதினேழு பேரையும் முறைத்துப் பார்த்ததுதான் மிச்சம்.

கடைசியில் புத்தகத்தைப் பீரோவில் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். அட்டையோ மாட்டுத்தோல், தொட்டால் தலைமுழுக வேண்டும். ஆகவே காலையில் பீரோவைத் திறந்து, பெருக்க வரும் தேவம்மாவைத்தான் அதை எடுத்துத் தூசி தட்டி வைக்கச் சொல்வார். மாலையில் அவளே உள்ளே வைப்பாள். பக்கம் புரட்டுவது மட்டும் இவர், ஒரு மூங்கில் குச்சியால்.

வியாழக்கிழமை பூசாரியும் வேடரும் போயிருந்தார்கள்.

பேராசிரியர் நஞ்சுண்டசாமி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“ஏன்ரீ, பூட்டின பீரோ. சாவி யார்கிட்ட?”

“என் பூணூல்ல சார்.”

“அப்ப திருடன் யாரு?”

செலுவநாராயணன் பூணூலில் தொங்கிய சாவியைக் கையால் மூடிக்கொண்டார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவர்மேல் ஊரே சந்தேகப்படப் போகிறது. மனைவி யதுகிரியிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அழுகையே வந்துவிட்டது.

மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த தேவம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். ஐந்து படங்களும் கசங்காமல் இருந்தன.

“சாமி மேல பழி வேண்டாமுங்க. நாந்தான் எடுத்தேன்.”

“நீயா?” பேராசிரியர் படங்களைப் பரப்பினார். “இடையர், மீனவர், குயவர், பூசாரி, வேடர்... இதுல உன் சாதிக்காரன் யாரும்மா?”

தேவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அஞ்சு பேருமேதானுங்க. அந்தத் துரை எங்க ஊரு ஹனூருக்கு வந்து, தலப்பாவ மாத்தி மாத்திக் கட்டிவுட்டுப் படம் புடிச்சது அத்தனையும் செத்துப்போன எங்கப்பனுங்க!”