குண்டெழுத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி

ஒரேத்தோ, பலேர்மோ
18.10.1997

ரொறன்ரோவில் இருக்கும் மைத்துனர் கோபாலசிங்கத்துக்கு அத்தான் இராஜதுரை எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உமது அக்கா கனகேஸ்வரியும் மகள் ஜெனனியும் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன், நம்பவேண்டாம். உமது சுகத்தை விசாரிக்கும் மனநிலையிலும் நான் இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் நீர் புளொப்பி டிஸ்க்கில் அனுப்பிய 'கும்மாளம்' என்ற கொம்பியூட்டர்த் தமிழ் எழுத்து. பெயரைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். ஒவ்வொரு எழுத்தும் வண்டியும் தொந்தியும் வைத்துக்கொண்டு ஒன்று மேலே, ஒன்று கீழே என்று துள்ளிக்கொண்டு நிற்கிறது. மெய்யெழுத்தின் தலையில் புள்ளிக்குப் பதிலாகப் பலூன். "எங்கை வேணுமெண்டாலும் போடுங்கோ அத்தான், சனம் திரும்பிப் பாக்கும்" என்று தொலைபேசியில் சொன்னவர் நீர். நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா தந்த பழைய கொம்பியூட்டரில் எங்கள் சனத்துக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிற நானும் நம்பினேன். பிறந்தநாள் கார்ட் அடித்தேன், பிள்ளைகள் குதித்தார்கள். நவராத்திரி நோட்டீஸ் அடித்தேன், கோயில் சபைக் காரியதரிசி "அம்மனுக்கு என்ன, வயிறு ஊதிக்கிடக்கோ?" என்று கேட்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

பகேரியாவில் இருக்கும் நாகேந்திரத்தின் மகனுக்கு எங்கள் ஜெனனியைப் பேசி முற்றாக்கியது உமக்குத் தெரியும். பிள்ளைகள் தாங்களாக விரும்பி, பெரியவர்கள் நாங்கள் பேசியதுபோல் நடித்த சம்பந்தம். போன மாதம் நாகேந்திரத்தின் தமையனார் விசுவலிங்கம் ஆஸ்பத்திரியில் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்கும் பொறுப்பு, சம்பந்தி என்ற மரியாதையில் என்னிடம் வந்தது. நான் யோசித்தேன். இந்த ஊர்ச் சுவரெல்லாம் இத்தாலிக்காரரின் மரண அறிவித்தல்தான், எல்லாம் கறுப்பாய்த் தடித்த எழுத்து. அதற்குள் எங்களுடைய மெலிந்த எழுத்து யார் கண்ணில் படும்? தடிப்பாக இருந்தால்தான் மரியாதை என்று கும்மாளத்தைப் போட்டு, நடுவில் விசுவலிங்கத்தார் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தையும் வைத்தேன். திரையில் சிறிதாகப் பார்க்க எழுத்து அடக்க ஒடுக்கமாகத்தான் இருந்தது மச்சான், சத்தியமாக. போட்டோக்கொப்பிக் கடைக்காரன் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, என்னைக் கேளாமலே மஞ்சள் கடதாசியில் அடித்து, சிரித்துக் கைகுலுக்கி அனுப்பினான். வேலைக்குப் பிந்திப்போச்சு என்று சுருட்டிக்கொண்டு ஓடினேன். அடுத்தநாள் விடியப்புறம், இருட்டோடு இருட்டாகப் பல்லரோச் சந்தையைச் சுற்றி ஒட்டினேன்.

அந்தியேட்டியன்று ஐயர் பிண்டம் வைத்துக்கொண்டிருக்கிறார், மண்டபக் கதவைத் தள்ளிக்கொண்டு பல்லரோ மீன்காரன் வருகிறான், கையில் வைன் போத்தல். அவனுக்குப் பின்னால் மரக்கறிக்காரி பெரிய கேக்கோடு. அவளுக்குப் பின்னால் சந்தையில் பாதி. மனிசன் ஆஸ்பத்திரியில் இருந்தது தெரியும், செத்தது அவர்களுக்குத் தெரியாது. தமிழும் வாசிக்கத் தெரியாது, நான் இத்தாலியனில் போட்ட மண்டப விலாசமும் திகதியும்தான் விளங்கியது. சிரித்த முகத்தையும் துள்ளுகிற எழுத்தையும் கண்டு, தங்களோடு தினமும் பகிடி விடுகிறவருக்குப் பிறந்தநாள் என்று வந்துவிட்டார்கள். மீன்காரன் நேரே நாகேந்திரத்திடம் போய், பிறந்தநாள்காரர் எங்கே என்று கேட்டான். நாகேந்திரம் நனைந்த வேட்டியோடு நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணர் செத்தது உமக்குக் கொண்டாட்டமோ? இந்தச் சம்பந்தம் இஞ்சையோடை முடிஞ்சுது."

அன்று தொடக்கம் ஜெனனி என்னோடு கதைப்பதில்லை. சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டுப் போய்க் குசினிக்குள் அழுகிறாள். உமது அக்காவோ "என்ரை தம்பியைக் குறை சொல்லாதேங்கோ, ஒட்டினது ஆர்?" என்கிறா. ஆகவே மச்சான், பிள்ளையின் தாய்மாமன் நீர், நாளைக்கு மணவறையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டியவரும் நீர். குற்றம் முழுக்க உம்முடையது, அத்தான் அப்பாவி என்று நாகேந்திரத்துக்கு உடனே ஒரு கடிதம் போடும். எழுத்தைக் கொம்பியூட்டரிலிருந்து அழிக்க எனக்குத் தெரியாது. அதனால் புளொப்பியை மட்டும் உடைத்துவிட்டேன்.

உமக்கும் குடும்பத்துக்கும் நல்லூர்க் கந்தன் சகல செல்வங்களும் தந்து, உமக்கு மட்டும் கொஞ்சம் புத்தியும் சேர்த்துத் தரட்டும்.

இப்படிக்கு,
மனமுடைந்த அத்தான்
இராஜதுரை

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் விசுவலிங்கத்தாரின் மனிசி வந்தா. நாகேந்திரத்தையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தா. வந்தவ கதிரையில்கூட இருக்கவில்லை.

"செத்தவீட்டண்டைக்கு ஒருத்தருக்கும் லீவு குடுக்கேல்லை, தம்பி. பெட்டிக்குப் பக்கத்திலை நாங்கள் நாலுபேர்தான் நிண்டனாங்கள். இப்பிடி அநாதை மாதிரிப் போறாரே எண்டு எனக்கு நித்திரையே இல்லை. அந்தியேட்டிக்குப் பாத்தால் மண்டபம் கொள்ளேல்லை. விசயம் தெரிஞ்ச உடனை அந்த மீன்காரன் படத்தைக் கட்டிப்பிடிச்சு அழுதான். அவருக்குச் சனம் வேணும். நீர்தான் கூட்டிக்கொண்டு வந்தனீர்."

நாகேந்திரம் நிலத்தைப் பார்த்தபடி, "நல்ல நாளாப் பாத்து வையுங்கோ" என்றார்.

ஆகவே நீர் கடிதம் ஒன்றும் போடவேண்டாம், கலியாணத்துக்கு வந்துசேரும். சந்தோசத்தில் நான், கலியாணக் கார்டையும் கும்மாளத்திலேயே அடிப்போம் என்றேன். ஜெனனிதான் மறித்துவிட்டாள். இவ்வளவு நாளுக்குப் பிறகு என்னோடு அவள் கதைத்த முதல் கதை அது.

"வேண்டாம் அப்பா. அது இனி விசுவலிங்கம் பெரியமாமாவின்ரை எழுத்து."