கல்கண்டார்

படுத்துக்கிடப்பவனைப் பார்க்க வந்து, பார்த்த கையோடு வைத்தியமும் சொல்லிவிட்டுப் போகிற மனித இனம் ஒன்று உண்டு. இவர்களுக்குப் படிப்பு கிடையாது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட வாசலை மிதித்ததைவிடக் கடை வாசலைக் கூட்டியதுதான் எனக்கும் அதிகம், இருந்தும் யார் தயவும் இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறேன். படிக்காதவன் தெரியாததைப் பேசாமலேயே முன்னுக்கு வரலாம் என்பதற்கு நானே சாட்சி. இவர்களிடம் குறை வேறு. வாழ்நாளில் ஒரே ஒரு நோய் வந்து போயிருக்கும். அது போதும்.

எங்கள் தெருவில் குழாயும் மோட்டாரும் விற்கிற ஒருவர் இருக்கிறார். எப்போதோ இவர் சிறுநீரகத்தில் ஒரு கல் உண்டாகி, இடுப்பைப் பிடித்து இழுத்து, ஆளைத் தரையில் போட்டு உருட்டி, இவர் தண்ணீராகக் குடித்துத் தள்ளவே கடைசியில் வெளியே வந்து விழுந்தது. அதுவரை குழாய் வியாபாரி. அன்றிலிருந்து சிறுநீரக நிபுணர். கல்லைப் பஞ்சில் பொதிந்து மோதிரப் பெட்டியில் வைத்திருக்கிறார். பார்த்தால் கடுகளவு, அவர் பேசப் பேசப் புளியங்கொட்டையாக வளரும். தெரு அவருக்குக் கல்கண்டார் என்று பெயர் வைத்தது. இனிப்பு பெயரில் மட்டும்தான்.

இடுப்பு வலியா? கல். வாந்தியா? கல். நீர்க்கடுப்பா, குளிர்காய்ச்சலா, பெண்டாட்டியோடு சண்டை போட்டு முகம் வீங்கியிருக்கிறதா? எல்லாம் கல். மருந்து? தண்ணீர்.

இவருடைய தங்கை வீட்டுக்காரர் தையல்காரர். பல வருஷத்துச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்து இரண்டு சிறுநீரகத்தையும் அரித்துவிட்டன. கால் வீங்கி, தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை. தண்ணீரை அளந்துதான் குடிக்கவேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். தங்கை காலையிலேயே அன்றைய தண்ணீரை ஒரு சீசாவில் ஊற்றி வைத்து, அதிலிருந்து வாய் வாயாகக் கொடுப்பாள். அவர் இன்னும் ஒரு வாய் கேட்டுக் கெஞ்சும்போது அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள். இல்லை என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

இந்த வீட்டுக்குத்தான் கல்கண்டார் வந்து சேர்ந்தார்.

“என்ன மாப்ளே, காலு தூண் மாதிரி நிக்குது?”

“கிட்னி கெட்டுப்போச்சாம் மச்சான். தண்ணி அதிகம் குடிக்கக் கூடாதாம்.”

“யாரு சொன்னது?”

“டாக்டர்தான்.”

“அவருக்குக் கல்லு வந்திருக்கா?”

“எனக்கே கல்லு இல்லையாம். ஸ்கேன்ல பாத்துட்டாங்க.”

“ஒளிஞ்சிருக்கும். குழாய் அடைச்சா என்ன பண்றோம்? தண்ணிய விட்டு அடிக்கிறோம். இவங்க என்னடான்னா தண்ணியவே நிறுத்தச் சொல்றாங்க.”

கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். கல் வந்தபோதும் இவருடைய சிறுநீரகம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. உள்ளே ஊற்றியதை வெளியே தள்ளியது. மாப்பிள்ளையுடையதோ கடையைச் சாத்திக்கொண்டிருக்கிறது. போக வழியில்லாத தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டால் வீடெல்லாம் தண்ணீர் என்று கடைக்கு வருகிறவர்களிடம் இவரே சொல்வார். தொட்டி என்றால் தெரிகிறது, மாப்பிள்ளை என்றால் தெரியவில்லை.

“அண்ணா, தண்ணி கூடினா நெஞ்சுல ஏறிடும்னு சொல்லியிருக்காங்க,” என்றாள் தங்கை.

“நீ சும்மா இரும்மா. தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காம மனுஷனைக் கொல்லப் பாக்குறியா?”

புருஷன் எத்தனை கெஞ்சியும் அசையாதவள் அந்த ஒரு சொல்லில் ஆடிப்போனாள். கொல்லப் பார்க்கிறேனா, நானா? சீசா அலமாரிக்குள் போனது. குடம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தது. தாகத்தில் காய்ந்துகிடந்தவருக்கு மச்சான் கடவுளாகத் தெரிந்ததில் என்ன ஆச்சரியம்?

மறுநாள் கல்கண்டார் வந்து பார்த்துப் பூரித்துப்போனார். “முகத்துல பளபளப்பு வந்திருக்கு பாரும்மா.” முகம் உப்பியிருந்தது. அதைத்தான் அவர் பளபளப்பு என்றார்.

அதற்கு அடுத்த நாள் தையல்காரரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அடித்துக்கொண்டார்; உதடு நீலம் பாய்ந்தது; நெஞ்சுக்குள் கொப்புளிக்கும் சத்தம். தங்கையும் கல்கண்டாரும் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, டயாலிசிஸ் மெஷினில் போட்டுத் தேங்கிய நீரை இழுத்தார்கள். பிழைப்பாரா என்று தெரியாமல் தங்கை கதவைப் பார்த்தபடி நின்றாள்.

வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். “உயிருக்குப் பயமில்லம்மா. நுரையீரல் பூரா தண்ணி. யாரு இவ்வளவு குடிக்கச் சொன்னது?”

கல்கண்டார் தலை குனிந்தார் என்றா நினைக்கிறீர்கள்?

“பச்சத் தண்ணியா குடிச்சிருப்பார் டாக்டர். நான் வெந்நீர்னுதான் சொன்னேன்.”

தங்கை அழவில்லை. “அண்ணா, இனிமே இவரைப் பாக்க வந்தா வாங்க, உக்காருங்க, போங்க. வாயை மட்டும் கடையிலேயே வச்சுப் பூட்டிட்டு வாங்க.”

அண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போனார். அங்கே பெஞ்சில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்கண்டார் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். “எந்தப் பக்கம் வலிக்குது?”

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். கடைசியாக ஒருவர் தன் வலியைச் சொன்னபோது, “எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு” என்று நீங்கள் ஆரம்பித்தீர்களே, அங்கேயே நிறுத்திக்கொண்டீர்களா? மேலும் பேசியிருந்தால், அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.