இறங்க மறுத்த பக்கெட்

கியூருவேசி,
புதன் மாலை

மதிப்பிற்குரிய எய்னோ பெரியப்பாவுக்கு,

சைமி எழுதுவது. வீட்டில் மூவரும் தொழுவத்தில் பதினோரு மாடுகளும் நலம். அங்கே எல்லோரும் சுகந்தானே? எங்கள் டிராக்டரைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை.

நீங்கள் கொடுத்த, பனி அள்ளும் பக்கெட் வைத்த லோடரை அப்பா ஞாயிறன்று பழைய டிராக்டரில் பொருத்தினார். லோடரில் எண்ணெய் ஓடும் இரண்டு ஹோஸ்கள். டிராக்டரில் எண்ணெய் வெளியே வர ஒரே துவாரம். ஒன்றை அதில் மாட்டினார். மிஞ்சியதன் வாயை, எண்ணெய் சிந்தக் கூடாதென்று, மூடி போட்டு முறுக்கிவிட்டார். குளிரில் எண்ணெய் தேன்போல இறுகியிருந்ததால் நீராவிக் குளியலுக்கான சவுனா அடுப்பை மூட்டி, நாம் உட்காரும் மேல் பலகையில் டப்பாக்களைச் சூடாக்கினோம். "இனி சனிக்கிழமை குளிச்சா எல்லாரும் மெக்கானிக் மாதிரிதான் மணப்போம்" என்றார் அம்மா. நெம்புகோலை இழுத்ததும் பக்கெட் கம்பீரமாக மேலே போனது. மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறது. பனியோ கீழே கிடக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குப் பால் லாரி வரும். பாதை திறக்காவிட்டால் திரும்பிவிடும். தொட்டி நிரம்பிவிட்டது, பாலைக் கொட்டத்தான் வேண்டும்.

பக்கத்துப் பண்ணை ரெய்யோ மாமா மூன்று நாளும் வந்து, வேலியில் சாய்ந்து, காப்பி குடித்து, பேசாமல் பார்த்துவிட்டுப் போனார். இன்று நானே கேட்டேன்.

"மாமா, இது ஏன் இறங்க மாட்டேங்குது?"

"மேல போன எண்ணெய் கியர் பெட்டிக்குத் திரும்பணும்ல? அந்த வழியத்தான் உங்கப்பா அடைச்சு வெச்சிருக்காரே."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"யாரும் கேக்கலையேம்மா. அடுத்தவர் வேலையில நாமா மூக்க நுழைக்கலாமா?"

அப்பாவின் காது சிவந்துவிட்டது. "எனக்கும் தெரியும். ஹோஸ் நீளம் பத்தல, அவ்வளவுதான்" என்றார். அளந்து பார்த்தேன், ஒன்றரை மீட்டர் குறைகிறதுதான். உங்களிடம் கேட்கலாமே என்றேன். "எங்கண்ணன்கிட்டயா? முப்பது வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவாரு!" நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று, பெரும்பாலும், நம்புகிறேன். ஆகவே அப்பாவுக்குத் தெரியாமல் இதை மாலைப் பேருந்தின் ஓட்டுநரிடம் கொடுக்கிறேன். காலையில் உங்கள் டிராக்டரில் வந்து பாதையைத் திறந்துவிடுங்கள். தற்செயலாக இந்தப் பக்கம் வந்ததுபோல வாருங்கள்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் ஆசியை வேண்டும்,
சைமி

பி.கு.: வியாழன் மதியம். நேற்றுப் பேருந்து வரவேயில்லை. நீங்கள் டிராக்டரோடு வர வேண்டாம். பாதை திறந்தாயிற்று, பாலும் லாரியில் போயாயிற்று. திரும்பும் எண்ணெய்க்கு அழுத்தம் குறைவு, சாதாரண ஹோஸே போதும் என்று டிராக்டர் புத்தகத்திலிருந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் நேராக வீட்டுக்குள் போய் ஒன்றை எடுத்துவந்து மாட்டிவிட்டார். சற்று முன் அம்மா சலவை இயந்திரத்தை ஓடவிட்டார். அழுக்குத் தண்ணீர் இப்போது கூடம்வரை நிற்கிறது. ஒன்றரை மீட்டர் ஹோஸோடு உடனே வாருங்கள். கேட்பது அம்மா. தற்செயலாக வந்ததுபோலெல்லாம் வர வேண்டாமாம்.