தண்ணீர் சேர்க்க வேண்டாம்

எங்கள் ஊரில் வானம் எப்போதும் நீலமாகத்தான் இருக்கும். காகிதத்தில். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் வெயில்தான் தெரியும், கண் கூசும். ஆனால் சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன் படத்தில் மங்கலான வானத்தை விட்டுவைக்க மாட்டான். காய்ந்த குளத்தில் தண்ணீர் நிரப்புவான், மொட்டை மலையில் புல் முளைக்க வைப்பான். அதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. ஒரு வருஷம் முழுக்க ஒருத்தர் வீட்டுச் சுவரில் தொங்கப் போகிற படம், கொஞ்சம் நன்றாக இருந்துவிட்டுப் போகட்டுமே. இந்த நல்ல எண்ணம்தான் ஒரு பங்குனி மாத மத்தியானத்தில் பதினாலு பேருக்கு முன்னால் என்னை அசடு வழிய நிற்க வைத்தது.

காலண்டர் தொழில் ஆடியில் எழுந்து உட்காரும், மார்கழி வரை ஓடும், தை பிறந்தால் படுத்துவிடும். அடுத்த ஆடி வரைக்கும் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் என்று ஒப்பேற்றுவோம். அந்த வருஷம் காலண்டரே சரியில்லை. வியாபாரம் எப்படிப் போகும் என்றே தெரியவில்லை, இதில் காலண்டர் ஒரு கேடா என்று கடைக்காரர்கள் ஆர்டரைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் பெரிய மிஷினை ஓட்டுகிற மாரியப்பண்ணன், திருப்பூரில் ஒரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள், போகிறேன் என்றார். (எனக்கு சைக்கிள் பழக்கிவிட்டவர் அவர். பிடியை விட்டு முள்ளுக்குள் விழ வைத்தவரும் அவரே.) அவர் ஒரு முறை போய்விட்டால் திரும்பி வரமாட்டார் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆடி வரைக்கும் அவருக்கு ஏதாவது ஒரு வேலை காட்டியாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து பேப்பரில் ஒரு கட்டுரை. காலம் நிச்சயமில்லாமல் இருப்பதால் ஜனங்கள் வெளிநாட்டுக்குப் போகத் தயங்குகிறார்கள், பக்கத்திலேயே ரெண்டு நாள் போய்வருகிறார்கள், வெளிநாட்டில் இருப்பவர்களும் செலவு குறைந்த இடமாகத் தேடி இங்கே வருகிறார்கள் என்று எழுதியிருந்தது. டீயைக் குடித்து முடிப்பதற்குள் நான் சுற்றுலாத் தொழிலதிபர் ஆகிவிட்டேன்.

"அப்பா, டூர் நடத்தப் போறேன்" என்றேன்.

"எந்த ஊருக்குலே?"

"நம்ம ஊருக்கு."

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏலே, இங்கன இருக்கிறவனே லீவு விட்டா குத்தாலத்துக்கு ஓடுறான். இங்கன எவம்லே வருவான்?"

வருவார்கள் என்று மதுரையில் ஒரு டிராவல்ஸ்காரர் சொன்னார். முதலில் ஒரு குரூப் அனுப்புகிறேன், அவர்களுக்குப் பிடித்திருந்தால் வாராவாரம் அனுப்புகிறேன் என்றார். சித்தப்பாவின் டூரிஸ்ட் வேன் சும்மா நின்றது. மாரியப்பண்ணனிடம் லைசென்ஸ் இருந்தது. "ஒரு டிரிப்பு பாப்போம் தம்பி. சரியா வரலைன்னா நான் கிளம்புறேன்" என்று அவரும் சம்மதித்தார். காலையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை, மத்தியானம் கண்மாய்க்கரையில் சாப்பாடு, சாயங்காலம் எங்கள் அச்சகம். திட்டம் பிரமாதமாக இருந்தது.

புரோஷர் அடிப்பதற்கு வெளியே போவானேன்? எங்கள் டிசைனர் செல்வம் இருக்கிறானே. கொளுத்துகிற வெயிலில் எடுத்த போட்டோவைக் கொடுத்தால் மார்கழிக் குளிரோடு திருப்பித் தருகிறவன். ஆலைக்கு மேலே கலர் கலராக வாணம் வெடிக்க வைத்தான். கண்மாய் படத்துக்கு, அதே கண்மாயை வைத்து நாங்கள் முன்பு அடித்த காலண்டர் படம் ஒன்றையே எடுத்துப் போட்டான். அதில் ஏற்கெனவே மலை இருந்தது, ரெண்டு அன்னம் இருந்தது, கரையில் சின்னக் கோயில் இருந்தது. பழியை அவன் மேல் போட முடியாது. "தண்ணி காணாதுலே, இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றவன் நான்.

"எம்புட்டுண்ணே?"

"கரையத் தொடுற வரைக்கும்."

வந்தவர்கள் பதினாலு பேரும் மலேசியாவில் ஈப்போ பக்கம் ஒரே தெருவில் வசிக்கிற தமிழர்கள், எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். தலைவி மாதிரி இருந்தவர் கலா டீச்சர். என் புரோஷரைக் கசங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆலை வாசலில் வாட்ச்மேன் செல்போன், தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் வாங்கி வைத்தார். நான் கெத்தாக ஒரு புரோஷரை அவரிடம் நீட்டினேன். அட்டையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இது? எங்க கம்பெனி தீப்பிடிச்சு எரியுற மாதிரில்ல இருக்கு."

"இல்லண்ணே, அது வாணம்."

"கட்டடத்துக்கு மேல வெடிச்சா அதுக்கு இங்கன வேற பேரு தம்பி." புரோஷரை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "இத உள்ள காட்டிராதீக. பொம்பளைக பதறிப் போவாக."

இந்த மண்ணில் பிறந்தவன் நான். தூரத்தில் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் என்று தெருவே வெளியே வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன். அந்தப் படத்தில் அழகு மட்டும்தான் என் கண்ணில் பட்டது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்குள் புரோஷர் விஷயம் தெரிந்து மேனேஜர் வந்து, இன்றைக்கு உள்ளே விட வசதிப்படாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். கேட்டுக்கு வெளியிலிருந்து பதினாலு பேரும் ஒரு வேப்பமரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"பரவாயில்லை தம்பி, நான் வந்ததே அந்த ஏரிக்காகத்தான்" என்றார் கலா டீச்சர்.

மாரியப்பண்ணன் வேனை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். வழியில் டீச்சர் பேசிக்கொண்டே வந்தார். அவர் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடையில் வருஷா வருஷம் சிவகாசிக் காலண்டர் கொடுப்பார்களாம். ஒரு வருஷத்துப் படத்தை மட்டும் அவர் தூக்கிப் போடவில்லை. தேதியைக் கிழித்துவிட்டு அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். அவரும் கணவரும் ஓய்வு பெற்றதும் சுவிட்சர்லாந்து போவதாக இருந்தது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். விலைவாசி ஏறியதில் ஐரோப்பா கனவும் போய்விட்டது. அப்போது என் புரோஷர் அவர் கைக்குக் கிடைத்தது. அடுப்புக்கு மேலே இருந்த அதே ஏரி.

கண்மாய் வந்தது. வந்தது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கரையேறி நின்றால், கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்துக் கிடக்கிற மண்ணும் சீமைக்கருவேலமும். நடுவில் நாற்பது ஆடுகள். மேய்த்துக்கொண்டிருந்த அக்கா எங்களைப் பார்த்துக் கிட்டே வந்தார்.

"என்ன பாக்க வந்திருக்கீக?"

"ஏரியைத்தாம்மா" என்றார் கலா டீச்சர்.

"இதான். தண்ணி பாக்கணும்னா ஐப்பசிக்கு மேல வாங்க. வந்தாலும் வரும்."

டீச்சர் உறையிலிருந்து புரோஷரை எடுத்தார். அதைப் பார்த்தார், கண்மாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் வகுப்பெடுத்தவரின் பார்வை. நான் வீட்டுப்பாடம் எழுதாதவன் மாதிரி நின்றேன்.

"தண்ணீர் எங்கே தம்பி?"

"நாங்க சேத்தது, டீச்சர்."

"அன்னம்?"

"அது வேற காலண்டர்லருந்து எடுத்தது."

"மலை?"

நான் ஆடுகளை எண்ண ஆரம்பித்தேன். மாரியப்பண்ணன்தான் உண்மையைச் சொன்னார். "அது சுவிட்சர்லாந்துங்கம்மா. அந்தக் காலண்டர நான்தான் மிஷின்ல ஓட்டுனேன், நல்லா ஞாபகம் இருக்கு."

நாலைந்து பேர் கோபமாக ஏதோ பேச ஆரம்பித்தார்கள். கலா டீச்சர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார்.

"அப்போ இத்தனை வருஷமும் நான் சுவிட்சர்லாந்தைப் பார்த்துக்கொண்டுதான் சமைத்திருக்கிறேனா?"

"ஆமா டீச்சர்."

அவர் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் செத்துப் பிழைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது, அது செல்வம் சேர்த்தது இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோயிலாவது இந்த ஊரா?" என்று கேட்டார். கோயில் இந்த ஊர்தான். கரையில் சின்னதாக, வெள்ளையடிக்காமல், படத்தில் இருந்த அதே இடத்தில் இருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து, ஆறிப்போன எண்ணெய்ப் பரோட்டாவை எல்லாரும் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது டீச்சர் என்னைக் கண்மாய்க்குள் இறங்கி நிற்கச் சொல்லி, கையில் புரோஷரைப் பிரித்துப் பிடிக்கச் சொல்லி, ஒரு போட்டோ எடுத்தார். பக்கத்தில் ஆடுகள். பின்னால் மாரியப்பண்ணன், யாருக்கோ குடை பிடித்தபடி.

டிராவல்ஸ்காரர் அதற்கப்புறம் என் போனை எடுக்கவில்லை. மாரியப்பண்ணன் அடுத்த வாரம் திருப்பூருக்குக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிடப் போனேன். அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆடிக்குக் கொஞ்சம் முன்னால் ஈப்போவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. அந்த மளிகைக்கடைக்காரர் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற காலண்டர். கூடவே கலா டீச்சர் அனுப்பிய படம்: காய்ந்த கண்மாய், ஆடுகள், நான். கீழே டீச்சரின் அழகான கையெழுத்தில் ஒரு வரி, 'தண்ணீர் சேர்க்க வேண்டாம்.' நான் பார்ப்பதற்குள் செல்வம் பழக்கதோஷத்தில் கணுக்கால் வரைக்கும் ஏற்றியிருந்தான். வடியவிட்டோம்.

படத்தை மாரியப்பண்ணனுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் பையோடு அச்சகத்தில் நின்றார். "என் மூஞ்சி இருக்குல்ல தம்பி. வேற எவனும் ஓட்டுனா மை கூடிக் கருப்படிச்சிருவான்" என்றார். அந்த ஆர்டர் முடிந்தும் அவர் திருப்பூருக்குப் போகவில்லை. இன்றைக்கும் பெரிய மிஷின் அவர் கையில்தான் ஓடுகிறது.

அந்தக் காலண்டரில் ஒன்று எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்குகிறது. நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் அப்பா அதைக் கண்ணால் காட்டுவார். என் மனைவியோ நேராகவே, "தண்ணி சேக்காமச் சொல்லுங்க" என்பாள். இதை எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"பதினாலு பேருன்னு எழுதிருக்கீக. பதினோரு பேருதான வந்தாக?"

மாற்றிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் பதினாலு, பார்வைக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கிறது.