கனடா போய்த் திரும்பிய மணி

குகதாசன் அண்ணை சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர். இதை அவருடைய முகத்துக்கு நேரே சொல்லத்தான் எனக்கு விருப்பம். முகம் கனடாவில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அவர் என் மனைவி சாந்தியின் அக்கா புருஷன், எனக்குச் சகலன். நான் திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில், படகு என்ஜின் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறேன். அழகாக எழுத வராது. கோபமாக எழுத வரும். (இப்போது அந்தக் கோபமும் களைத்துப்போய்விட்டது. இருக்கிற மிச்சத்தில் எழுதுகிறேன்.)

கராஜில் ஒரு பழைய கப்பல் மணி கிடந்தது. கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு படகுக்கார முஸ்லிம் நானா என்ஜின் திருத்திய கூலிக்குப் பதிலாகத் தந்தது. ஏதோ உடைத்த கப்பலில் கழற்றியதாம். பித்தளை, பூசணிக்காய் அளவு, முழுக்கப் பச்சைக் களிம்பு. கப்பலின் பெயரும் வருடமும் சுற்றிவர வெட்டியிருந்தது. வருடத்தைப் பார்த்தால் நூறு தாண்டியது. நான் அதன்மேல் எண்ணெய்த் துணி காயப்போடுவேன்.

அண்ணை விடுமுறையில் வந்தபோது அதைக் கண்டுவிட்டார்.

"தம்பி, உந்த மணியை என்ரை வீட்டு ஹோலிலை தொங்கவிட்டால் வாற சனம் வாயைப் பிளக்கும்."

"கொண்டு போங்கோவன் அண்ணை."

"சீ, சும்மா வேண்டாம். விலைக்கு எடுக்கிறன். இப்ப பெட்டி நிறைஞ்சு போச்சு, நீர் பார்சலிலை அனுப்பும். கிடைச்ச உடனை காசு. எல்லாச் செலவும் என்ரை."

எல்லாச் செலவும் என்ரை. சாந்தி சாட்சி. தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்ற அவருடைய சொந்த மனைவியும் சாட்சி.

அவர் சொன்ன விலை கராஜுக்கு முழுக்கப் புதுக் கூரை போடக் காணும். என் கூரையில் தகரத்தை விட ஓட்டைதான் அதிகம். ஆகவே அவர் விமானம் ஏறி ஒரு கிழமைக்குள்ளேயே பழைய தகரத்தைக் கழற்றி இரும்புக் கடைக்கு விற்றேன். மாரி தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. என்னைப் போல முன்யோசனைக்காரன் இந்த மாவட்டத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து மணியைப் பிடித்தேன். கிரைண்டரில் பொலிஷ் சில்லைப் பூட்டித் தேய்க்கத் தொடங்கினேன். சாந்தி ஓடி வந்தாள்.

"என்னப்பா செய்யிறீங்கள்? அத்தான் பழசெண்டுதானே ஆசைப்பட்டவர்?"

"என்ரை கராஜை விட்டு வெளிக்கிடுற சாமான் ஊத்தையோடை போகாது."

"எழுத்து அழியுதப்பா."

"எழுத்தை வாசிச்சே மணி அடிக்கப் போறார்?"

பெயரில் மூன்று எழுத்தும் வருடத்தில் ஓர் இலக்கமும் மிஞ்சின. ஆனால் மணி மின்னியது. அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். (செய்தேன்.)

பார்சல் அனுப்பும் கடைக்காரர் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது புதுசுதானே? பழசெண்டால் கொழும்பிலை ஒரு கந்தோருக்குப் போய்க் கடிதம் எடுக்கவேணும். லேசிலை ஏலாது."

"பாத்தாத் தெரியேல்லையே?" என்றேன், பெருமையோடு.

அவர் 'புதிய பித்தளை அலங்காரப் பொருள்' என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். பெறுமதி என்ற இடத்தில் அண்ணை சொன்ன விலையை ஒரு சதம் குறைக்காமல் எழுதவைத்தேன். குறைத்தால் அவருக்கு மரியாதை இல்லை என்பது என் எண்ணம். பார்சல் கூலியையும் நானே கட்டினேன், எல்லாச் செலவும் அவருடையதுதானே என்ற தைரியத்தில்.

பிறகு கனடாவிலிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, இஞ்சை வரி கட்டச் சொல்லுறாங்கள்."

"கட்டுங்கோ அண்ணை."

"நூறு வருசப் பழசெண்டால் அந்த வரியை விடுவாங்களாம். நானும் அப்பிடித்தான் வாதாடினன். அவன் பெட்டியைத் திறந்து காட்டுறான், ஐசே, கண் கூசுது. பேப்பரிலையும் புதுசெண்டு கிடக்கு. நீர் என்ன வேலை பாத்தனீர்?"

"எல்லாச் செலவும் உங்கடை எண்டு சொன்னனீங்கள்."

"அது பார்சல் செலவு. வரி செலவில்லை. வரி வரிதான்."

இந்த வசனத்தை நான் இன்றுவரை யோசிக்கிறேன். பிடிபடவில்லை. அவர் கட்டவில்லை, நான் கட்டமாட்டேன் என்றேன், அக்காவும் தங்கையும் கதைப்பதை நிறுத்தினார்கள். கடைசியில் அண்ணை பார்சல் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க, மணி திரும்பி வந்தது. வந்த மணியை எடுக்கச் சுங்கக் கந்தோருக்குப் போனேன்.

"இதுக்கு இறக்குமதி வரி கட்டவேணும்" என்றார் அங்கே இருந்த உத்தியோகத்தர்.

"ஐயா, இது என்ரை மணி. இஞ்சையிருந்துதான் போனது."

"ஓம், உங்கடை பேர்தான் கிடக்கு. அதாலைதான் உங்களிட்டைக் கேக்கிறம்."

"நூறு வருசப் பழசு ஐயா."

அவர் மணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்களை விட இளமையாக் கிடக்கு."

நல்ல மனிதர்தான். கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லி, ஒரு வழியும் சொன்னார். போன சாமானும் வந்த சாமானும் ஒன்றுதான் என்று காட்டினால் வரி இல்லையாம். "ஏதும் அடையாளம் இருக்கோ? வெட்டின பேர், வருசம், அப்பிடி?"

கிரைண்டர் சத்தம் என் காதுக்குள் கேட்டது.

வரி கட்டினேன். பழைய தகரம் விற்ற காசு அதற்குப் போனது. காணாததற்குச் சாந்தியின் சீட்டுக் காசும் போனது. அடுத்த கிழமை மாரி தொடங்கியது.

நாலு மாரி போய்விட்டது. கராஜுக்கு இன்னமும் தறப்பாள்தான் கூரை. மணியை நடு வளை மரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன், தறப்பாள் ஒழுகுகிற இடத்துக்கு நேரே கீழே. (வேண்டுமென்று இல்லை. ஒழுகாத இடம் கிடையாது.) துளி விழ மணி டிங் என்னும். உடனே குசினி அடுப்படியிலிருந்து சாந்தி சொல்வாள்: "இஞ்சை பாருங்கோப்பா, அத்தான் கோல் எடுக்கிறார்." கலியாண வீடுகளில் சொந்தக்காரர் என் சுகம் கேட்பதில்லை. "டிப்போர்ட் ஆனவர் எப்பிடி இருக்கிறார்?" என்று மணியின் சுகம் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் வெளிநாடு பார்த்தது அது மட்டும்தான்.

தேய்த்தது என் பிழை. கையெழுத்துப் போட்டதும் என் பிழை. இரண்டையும் ஒத்துக்கொண்டு ஒருமுறைக்கு இரண்டுமுறை தண்டம் கட்டிவிட்டேன். "எல்லாச் செலவும் என்ரை" என்று சொன்னது யார்?

குகதாசன் அண்ணை, எங்கள் குடும்ப வைபர் குழுவில் நாள் தவறாமல் ரோசாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போடுகிறீர்கள். இதையும் அதே குழுவில் போடுகிறேன். நாளைக்கு ரோசாப்பூ வேண்டாம். வரி செலவா, இல்லையா? சித்தப்பாமார், மச்சாள்மார், மருமக்கள் எல்லோரும் பார்க்க அங்கேயே பதில் எழுதுங்கள். தனியாகக் கோல் எடுக்கவேண்டாம். அதற்கு மணி இருக்கிறது.