P குறைவு, உடனே ஏற்றவும்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் நலமென்று போனிலேயே சொல்லிவிட்டதால் திரும்பக் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்: எங்கள் சலவை ஆலையில் வேலை பார்க்கும் அந்தக் கெமிஸ்ட் பெண்ணை எனக்குப் பேசி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

எங்கள் பாய்லர் அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. கையகலம்தான் இருக்கும், மார்க்கருக்கோ எப்போதும் உயிர் ஊசலாடும். அதனால் யாரும் முழு வார்த்தை எழுதுவதில்லை. செவ்வாய்க்கிழமை காலை இவள் பாய்லர் தண்ணீரைச் சோதித்துவிட்டு, "P குறைவு, உடனே ஏற்றவும்" என்று பலகையில் கிறுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். நான் எலக்ட்ரிகல்காரன், எனக்கு P என்றால் பவர். ஊதுவிசிறி மோட்டாரை முடுக்கிவிட்டேன். பின்னாலேயே வந்த ஃபிட்டர் அண்ணனுக்கு P என்றால் பிரஷர். அவர் பங்குக்கு அதை ஏற்றி வைத்தார். பாதுகாப்பு வால்வு திறந்து போட்ட கூச்சலில் மேனேஜர், கையிலிருந்த காபியை, இஸ்திரி போட்டு அடுக்கிய வெள்ளை விரிப்புகள்மேல் கொட்டிவிட்டு மேஜைக்கடியில் புகுந்துகொண்டார்.

அப்புறம் வந்தாளே மகராசி! "தண்ணியில பாஸ்பேட் உப்பை ஏத்தச் சொன்னா பாய்லரையே வானத்துக்கு ஏத்தப் பாத்தீங்களே!"ங்கறா. "P-ன்னா பவர்ங்க"ன்னேன். "பாஸ்பரஸ்ங்க, உலகத்துக்கே தெரியும்"னா. "அப்போ நான் எந்த உலகத்துல இருக்கேன்?" "அதைத்தான் நானும் யோசிக்கிறேன்!" ஃபிட்டர் அண்ணன், "ரெண்டு பேரும் சும்மா இருங்க, பிரஷர்தான்"ங்கறார். தரம் பாக்கிற அக்கா புள்ளியியல் படிச்சவங்க, "எங்க படிப்புல அது நிகழ்தகவு. குறைவா இருந்தாத்தான் முடிவை நம்பலாம், சந்தோஷம்தானே, எதுக்கு ஏத்தறீங்க?"ன்னு கேட்டுட்டுப் போறாங்க. இத்தனை கூத்துலயும் பாஸ்பேட்டை மட்டும் ஒருத்தரும் ஏத்தலை.

பக்கத்தில் ஓர் அலகு எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்? கேட்டால், "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாய் தேஞ்சா போயிருக்கும்?"ங்கறா. இவளோடு ஒரே வீட்டில் எப்படி, அத்தை? கடைக்கு எழுதிக் கொடுத்தால் P-க்கு நான் பால் வாங்குவதா, பருப்பு வாங்குவதா?

மாமாவுக்கு என் வணக்கம். பெண் வீட்டார் மனம் நோகாதபடி பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு அது வராது.

இப்படிக்கு,
பொறுமையிழந்த மருமகன்

பி.கு.: ஃபிட்டர் அண்ணன் போட்டுக் கொடுத்துவிட்டார். உறையை ஒட்டும்போது அவளே வந்து நின்றாள். "வேண்டாம்னு எழுதறீங்களாமே, எழுதுங்க. என்கிட்ட காரணத்தை மட்டும் சொல்லிடுங்க, முழு வார்த்தையில." கடிதத்தைப் பிரித்துத் திரும்பப் படித்துப் பார்த்தும் என் வாயில் வந்த முழு வார்த்தை, "ஒண்ணுமில்லை." சிரித்துவிட்டாள். நானும்தான். கல்யாணத்துக்குத் தேதி பாருங்கள், அத்தை. தாமதம் எனக்குப் பிடிக்காது.