ஆறாம் நம்பர் மலையில் நான் அறுத்த கம்பி

ஒரே நாள் பயிற்சி முடித்தவனைவிட ஆபத்தானவன் உலகத்தில் இல்லை. நான் ஒரு வாரம் அப்படி இருந்தேன். (வீட்டில் கேட்டால், இன்னும் அப்படித்தான் என்பார்கள்.)

பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆறாம் நம்பர் மலையில் ஒரு சிறுத்தை இரண்டு குட்டிகளோடு நடமாடியது. அதே மலையில் யாரோ பன்றிக்குக் கண்ணி வைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணிக்குப் பன்றிக் கழுத்தும் சிறுத்தைக் கழுத்தும் ஒன்றுதான். அதனால் நாங்கள் நாலு பேர் கண்ணி அகற்றும் தொண்டர்களாகச் சேர்ந்தோம். பயிற்சியில் என் மண்டையில் ஏறியது ஒரே பாடம்: தேயிலைத் தூரில் கம்பியைக் கண்டால் எடு.

அம்மன் கோயில் திருவிழா அன்று மலையில் ஆள் இருக்காது. குறடும் கையுமாகத் தனியாக ஏறினேன். ஒரே பனிமூட்டம். ஏழு கண்ணிகள் அகப்பட்டன. எட்டாவது, முழங்கால் உயரத்தில் தூருக்குத் தூர் கட்டி, மேலே போய்க்கொண்டே இருந்தது. அடேயப்பா, ஒரு யானைக்கூட்டத்துக்கே போதும்! (எங்கள் மலையில் யானை கிடையாது. அதெல்லாம் அப்போது தோன்றவில்லை.) வெட்டி வெட்டிச் சுருட்டி, மாலைபோலத் தோளில் போட்டுக்கொண்டு, ஆரத்தி எடுப்பார்கள் என்ற நினைப்பில் கோயிலுக்கு இறங்கினேன்.

ஒலிபெருக்கிக்காரர் நஸீர் நானா தலையில் கைவைத்தார்.

"தம்பி, அது என்ட வயரு! மேல் லயத்து ஹோனுக்கு இழுத்தது!"

அறுந்த இடத்திலெல்லாம், கண்ணிக்குப் போடும் அதே பழைய கிளட்ச் கம்பியால் ஒட்டுப்போட்ட வயர். ஹோன் குழாய் ஊமையாகிவிட்டதால், கரகம் புறப்பட்டது மேல் லயத்து வரிசை வீடுகளுக்குத் தெரியவில்லை. அதோ, பால்குடங்களோடு இறங்கி வருகிறார்கள். முன்னால் என் மாமியார்.

"கரகம் போயிருச்சு. இந்தப் பாலை உங்க தலையிலயா ஊத்துறது, மாப்பிள்ள?"

"வயரு எது, கண்ணி எதுன்னு தெரியாதவன் காட்டைக் காப்பாத்தப் போறானாம்!" என்றார் தோட்டத் தலைவர். கூட்டம் சிரித்தது.

நான் ஏழு கண்ணிகளையும் அவர் முன்னால் போட்டேன்.

"தப்பு என்னோடதுதான், தலைவரே. என்ன தண்டனைன்னாலும் சரி. ஆனா இந்த ஏழும் யாரோடது? வயரு அறுந்தா ஒட்டிக்கலாம். சிறுத்தை கழுத்து அறுந்தா நஸீர் நானா ஒட்டித் தருவாரா?"

"எனக்கு ஏலாது," என்றார் நானா, உண்மையிலேயே யோசித்துவிட்டு.

கடைசியில் மாமியார்தான் தீர்ப்புச் சொன்னார்:

"ஹோனை அறுத்தவரே ஹோனா இருக்கட்டும்!"

மூன்று நாள் திருவிழா. ஒவ்வொரு அறிவிப்புக்கும் மேல் லயம்வரை ஓடிக் கத்தினேன். கத்தினதோடு சொந்தச் சரக்கும் சேர்த்தேன்.

"பூசை ஆரம்பிக்குது, எல்லாரும் வாங்க! கண்ணி வச்சவங்க கம்பியோட வாங்க!"

"ரெண்டாவதைச் சொல்லாதே!" என்றார் தலைவர். அடுத்த தடவை அதையே முதலாவதாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை என் வீட்டுக் கதவில் இரண்டு கண்ணிகள் தொங்கின. அதிலொன்று, தொலைந்துபோனதாக என் மச்சான் சொன்ன அவருடைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பி. நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அவரும் எங்களோடு மலையேறுகிறார்.

போன திருவிழாவில் பூசை நேரத்தில் கரண்ட் போய்விட்டது. நானா பதறினார். மாமியார் அசையவில்லை.

"அந்த ஹோன் போனா என்ன? நம்ம ஹோன் இருக்குதுல்ல."

ஊரே சிரித்தது. மேல் லயத்துக்கு ஏறினேன். இரண்டு அறிவிப்பையும் கத்திவிட்டுத்தான் இறங்கினேன்.